இந்த வாசல் உங்கள் வீட்டில் இல்லை

பல்செட்டுக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தில் அவர் பேசிய முதல் ஆள் எடுத்த எடுப்பில் கேட்டதே அதைத்தான். வேலை நேரத்தில் மட்டும் அவருக்கு ஒன்றும் கேட்காது. வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே பல்லைத் தேய்த்து மெருகேற்றும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் மண்டை அதிரும். அதனால் காதை முழுக்க மூடுகிற உறை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். அப்போது வாசல் மணி அடித்தாலும் சரி, வாசலே இடிந்து விழுந்தாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஊரிலுள்ள பல் டாக்டர்கள் பல் போனவர்களின் வாயில் பசை போன்ற மாவை வைத்துக் கடிக்கச் சொல்லி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, இவருக்கு அனுப்புவார்கள். இவர் அதைக் கையோடு வாங்கி வேலையைத் தொடங்க வேண்டும். அச்சு காய்ந்தால் சுருங்கும். சுருங்கிய அச்சில் செய்த பல்செட் யார் வாயிலும் உட்காராது, மேசைமேல்தான் உட்காரும்.

டப்பா கொண்டுவரும் டெலிவரி ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. மணியை அடிப்பார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள், "வீட்டில் யாரும் இல்லை" என்று போனில் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவார்கள். உள்ளே மனிதர் தலை நிமிராமல் யாருக்கோ கடைவாய்ப்பல் தேய்த்துக்கொண்டிருப்பார். அப்படித் திரும்பிப் போன டப்பாக்களில் இரண்டு ஒரே வாய்க்குச் சொந்தமானவை. அது ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் வாய். முன்பல் வரிசை முழுக்கப் போய், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அவர் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்குப் பயப்படுவதையே விட்டுவிட்டார்கள்.

பல் டாக்டரம்மா போனில் பொரிந்து தள்ளினார். "அந்த அம்மா ரெண்டு தடவை மாவைக் கடிச்சுட்டாங்க. மூணாவது தடவை கடிக்கச் சொன்னா என்னைக் கடிச்சுடுவாங்க. இன்னொரு டப்பா திரும்பி வந்துதுன்னா, சொல்றேனேன்னு கோவிச்சுக்காதீங்க, எங்க வேலையெல்லாம் இனிமே வேற ஆளுக்குத்தான்."

பல்செட்டுக்காரரின் பிழைப்பில் பாதி அந்த டாக்டரம்மாவை நம்பித்தான் ஓடியது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரே புலம்பல்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் பிரேக் போட மறக்கும் இடத்திலெல்லாம் தன் காலை வைத்து அழுத்திப் பழகியவர். வீட்டிலும் அதே வேலைதான்.

"புலம்பாதீங்க. வாசல்ல ஏற்கனவே கேமரா வெச்ச காலிங்பெல் இருக்கு. பட்டறைக்கு ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டுங்க. மணி அடிச்சா வந்தவர் முகம் தானா ஸ்கிரீன்ல வந்து நிக்குமாம். காது எதுக்கு, கண்ணு இருக்கே?"

பெல்லும் ஸ்கிரீனும் ஒரே கம்பெனி. விளம்பரத்தில் ஒரு பெண்மணி மாவு பிசைந்த கையோடு நிற்கிறார், மணி அடிக்கிறது, ஸ்கிரீனில் ஒரு முகம் சிரிக்கிறது, பெண்மணியும் சிரிக்கிறார். பல்செட்டுக்காரர் வாங்கி வந்து மோட்டாருக்கு எதிரே மாட்டினார். ஸ்கிரீன் வணக்கம் சொன்னது. அவருடைய வீட்டுக்கு ஒரு பெயர் கேட்டது. பிறகு ஓர் அருவியைக் காட்டியது. அவர் வாசலுக்கு ஓடி மணியை அழுத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடிவந்தார். அருவி. மனைவியை ஸ்கிரீன்முன் உட்காரவைத்துவிட்டு மறுபடி போய் அழுத்தினார்.

"என்ன தெரியுது?" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

"அருவி!" என்று பதில் வந்தது.

அப்படித்தான் அவர் கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையத்தை அழைக்க நேர்ந்தது. இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியும் புகார் பிரிவு என்று ஒன்று வைத்துக்கொள்வதில்லை. மகிழ்ச்சி மையம்தான். நெடுநேரம் புல்லாங்குழல் வாசித்துக் காட்டிய பிறகு, தன்னை மகிழ்ச்சித் துணைவி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்குரல் வந்தது.

"சார், உங்களுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும். அது பிரச்சனை இல்ல."

"சந்தோஷம் சார். காலிங்பெல் அடிக்குதா?"

"அடிக்குது."

"ஸ்கிரீன்ல படம் தெரியுதா?"

"தெரியுது. அருவி தெரியுது."

"அருவி தெளிவா இருக்கா சார்?"

"அருவி பிரமாதமா இருக்கும்மா. எனக்கு வாசல் வேணும்."

"பெல்லும் வேலை செய்யுது, ஸ்கிரீனும் வேலை செய்யுது. வாழ்த்துகள் சார். பேச்சை முடிக்கறதுக்கு முன்னாடி, 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்'னு தெளிவான குரல்ல ஒரு தடவை சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"பதிவுக்கு சார். சொல்லாம வெச்சீங்கன்னா நாங்களே மறுபடி கூப்பிடுவோம். சொல்ற வரைக்கும் கூப்பிடுவோம்."

பல்செட்டுக்காரரின் இன்னொரு கையில் உருகிய மெழுகு இறுகிக்கொண்டிருந்தது. ஆளை விட்டால் போதும் என்று, "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித் தொலைத்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் வேறொரு துணைவர் எடுத்தார். எடுத்ததுமே அவர் குரலில் சந்தேகம். "நேத்து நீங்க மகிழ்ச்சியா இருந்திருக்கீங்களே சார்? உங்க குரல்லயே பதிவு இருக்கு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? வீட்டுல ஏதாவது சண்டையா?"

"வீட்டுல ஒரு சண்டையும் இல்ல. நேத்தும் நான் மகிழ்ச்சியா இல்ல."

"அப்போ நேத்து பொய் சொன்னீங்களா சார்?"

 ஒரு காலிங்பெல்லுக்காகத் தான் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பது பல்செட்டுக்காரருக்கே விளங்கவில்லை. கடைசியில், தன்னுடைய மகிழ்ச்சி இடையில் குறைந்துவிட்டதாகவும் அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்றும் ஒப்புக்கொண்ட பிறகுதான் புகார் மறுபடி திறக்கப்பட்டது.

அவரை முதலில் வாசல் பிரிவுக்கு மாற்றினார்கள். வாசல் பிரிவுக்காரர் ரொம்ப மரியாதையானவர். "எங்க கடமை மணி அடிச்சதோட முடிஞ்சுது சார். முகத்தைப் படம் எடுத்து அனுப்பிட்டோம். காட்ட வேண்டியது ஸ்கிரீன்தான்" என்றார். ஸ்கிரீன் பிரிவுக்கு மாற்றினார்கள். அவரும் மரியாதையானவர்தான். "வந்ததைக் காட்டறதுதான் சார் ஸ்கிரீன். வராததை எப்படிக் காட்டும்? அருவி வருது, காட்டுது."

"சரி, அவர் அனுப்பினது உங்ககிட்ட வரல. நடுவுல என்னதான் நடக்குது? நடுவுல இருக்கறது எந்தப் பிரிவு?"

ஸ்கிரீன் பிரிவுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நடுவுல காத்துதான் சார் இருக்கு."

"அந்தக் காத்துக்கு யார் பொறுப்பு?"

"அதுக்கு ஆள் போடணும்னு பேச்சு இருக்கு சார்."

இப்படியே கொஞ்ச நாள் போனது. வாசலும் ஸ்கிரீனும் அவரைப் பந்தாடின. புல்லாங்குழல் இசை முழுக்க அவருக்கு மனப்பாடம் ஆகி, பல் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒருநாள் குளியலறையில் அதைக் கேட்ட மனைவி கதவைத் தட்டி, "வேண்டாங்க, எனக்கே கடுப்பாகுது" என்றார்.

கடைசியில் மையம் இறங்கி வந்தது. மகிழ்ச்சி ஆய்வாளர் ஒருவரை நேரில் அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது வருவார் என்று சொல்லவில்லை, ஏனென்றால் மகிழ்ச்சி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லையாம். ஆய்வாளர் வந்தார். மணியை அடித்தார். பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை பல்செட்டுக்காரரின் போனுக்கு ஒரு தகவல் வந்தது: "எங்கள் ஆய்வாளர் தங்கள் இல்லத்துக்கு வந்து மணியைப் பரிசோதித்தார். மணி சிறப்பாக அடிக்கிறது. யாரும் திறக்கவில்லை. வந்தவரை வரவேற்கும் பழக்கம் இந்த இல்லத்தில் இல்லை எனக் குறித்துக்கொண்டோம்."

அதைப் படித்ததும் அவருக்கு உச்சந்தலை சூடேறியது. கையிலிருந்த கீழ்த்தாடையைச் சுவரில் எறியப் போனார். அது வேறொருவருடைய தாடை என்பது கடைசி நொடியில் நினைவுக்கு வந்து, மேசைமேல் மெதுவாக வைத்தார்.

அடுத்த முறை மனைவி லீவு போட்டுவிட்டு, கணவரையும் மோட்டார் பக்கம் விடாமல், அவரோடு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதே ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்னக் கருவி. கதவு விரியத் திறந்திருந்தும் மணியை அடித்துவிட்டு, கருவியைப் பெல்லிடம் காட்டினார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு அடி பின்னால் போய் வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு சின்னச் சிக்கல் சார். இந்த வாசல் உங்க வீட்டுல இல்ல."

"என்ன சொன்னீங்க?"

"உங்க ஸ்கிரீன் இருக்கற வீடு ஒண்ணு. இந்த வாசல் இருக்கற வீடு வேற. எங்க பதிவுல அப்படித்தான் இருக்கு. ஒரே வீட்டுல இருந்தாத்தான் சார் ஸ்கிரீன்ல வாசல் தானா தெரியும்."

"நான் இந்த வாசல் வழியாத்தானேய்யா தினமும் போயிட்டு வர்றேன்!"

"அதைப் பத்தி நான் எதுவும் கேக்கல சார்," என்றார் ஆய்வாளர், பெருந்தன்மையாக. "உள்ள வந்து ஸ்கிரீனைப் பாக்கணும். வேற வழி ஏதாவது இருக்கா? அடுத்த வீட்டு வாசல் வழியா உங்க வீட்டுக்குள்ள வர எனக்கு அனுமதி இல்ல."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று மனைவி சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, சாக்கடை மூடியைத் தாண்டி, காயப்போட்டிருந்த போர்வையைத் தலையால் விலக்கி, சமையலறைப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். அருவி நன்றாக இருப்பதாகச் சொன்னார். வந்த வழியே திரும்பிப் போனார்.

அவர் போன பிறகு மனைவிதான் மெதுவாக ஆரம்பித்தார். "பெல்லை மாட்டினது யாரு? உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே? அவர் போன்லதானே எல்லாத்தையும் சேர்த்தார்? இந்த வாசல் அவங்க வீட்டுக் கணக்குலதான் இருக்கும்."

பல்செட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக எடுக்கப்படாத பேச்சு அது.

தங்கை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பல்செட்டுக்காரர் இந்தப் புதுவீட்டுக்கு வந்தபோது அந்த பெல்லை அன்பளிப்பாக வாங்கி வந்து, தானே ஏணி போட்டு மாட்டி, தன் போனிலேயே அதற்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனவர். அவருக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. பதில் மரியாதையாகப் பல்செட்டுக்காரர் அதற்கு ஒரு பல் செய்து கொடுத்தார். அந்தப் பல், மெக்கானிக்கின் முதலாளி வீட்டு விருந்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சூப்புக்குள் விழுந்தது. அதைக் கரண்டியால் தேடி எடுத்தது முதலாளியின் மனைவி.

"நீங்க செஞ்ச லட்சணம் இதுதானா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "பாட்டில் மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தா எந்தப் பல்லுதான் நிக்கும்?" என்று இவர் கேட்டார். பேச்சு தடித்தது. சமாதானம் பண்ண வந்த தங்கையையும் சேர்த்து, "இனிமே எங்க வீட்டு விஷயத்துல ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று பல்செட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர்களும் திறக்கவில்லை. அன்றைக்கு முடிந்தது போக்குவரத்து.

"ஒரு போன் போடுங்க. பட்டனை அழுத்தி வாசலை விட்டுக்கொடுத்துடுவார்," என்றார் மனைவி.

"மாட்டேன்."

"அப்போ இந்த பெல்லைக் கழட்டிட்டுப் புதுசு ஒண்ணு மாட்டுங்க."

"என் வாசலுக்கு நான் எதுக்குடி இன்னொரு வாசல் வாங்கணும்? கம்பெனிக்காரன் பண்ணின குளறுபடி, கம்பெனிக்காரன்தான் சரி பண்ணணும். நான் மேல போறேன்."

கம்பெனிக்காரனிடம் அவருக்கு அந்த அளவு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. மாப்பிள்ளையிடம் தோற்பதைவிடக் கம்பெனியிடம் தோற்பது கௌரவம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வீம்பு வந்துவிட்டால் மனிதருக்கு அறிவு லீவு எடுத்துக்கொள்ளும்.

மகிழ்ச்சி மையத்தின் தலைமை அலுவலகம் கண்ணாடியால் கட்டியது. வாசலில் அவர்கள் விற்கும் அதே பெல். பல்செட்டுக்காரர் அழுத்தினார். உள்ளே வரவேற்பறைப் பெண்ணின் எதிரே பெரிய ஸ்கிரீன் இருந்தது, அதில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்து, சாவிக்கொத்தால் கண்ணாடியை ஓங்கித் தட்டினார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக் கதவைத் திறந்தாள்.

"இங்க எல்லாரும் தட்டித்தான் சார் உள்ள போவாங்க," என்றார் காவலாளி.

மகிழ்ச்சி இயக்குநர் அவருடைய கையைக் குலுக்கி உட்காரவைத்தார். முழு விவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார். நாங்க காலிங்பெல் விக்கல. யாரோ நம்மளத் தேடி வந்திருக்காங்கங்கற உணர்வைத்தான் விக்கறோம். வந்தது யாருங்கறது அடுத்த கட்டம். எல்லாத்தையும் முதல் நாளே எதிர்பாக்கக் கூடாது. யாருமே வராத வீடுகள்ல எங்க பெல் ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. அதை நான் சவாலா சொல்வேன். பிரச்சனை எல்லாம் ஆள் வந்து போற வீடுகள்லதான் வருது. அதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

"எனக்கு ஆள் வரணும் சார். அதான் என் தொழிலே. டப்பா வரணும்."

"வரட்டும், நாங்க தடுக்கல. இன்னொண்ணு கேளுங்க. இந்த மையம் தொடங்கின நாள்லேர்ந்து மகிழ்ச்சி இல்லாத வாடிக்கையாளர்னு ஒருத்தர்கூடக் கிடையாது."

"நான் இருக்கேனே?"

"மகிழ்ச்சி இல்லாதவங்களை நாங்க வாடிக்கையாளர்னு கணக்குல எடுத்துக்கறதில்ல சார். நீங்க இப்போ பார்வையாளர்."

பார்வையாளர் பொறுமையாக, வாசலைத் தன் வீட்டுக்கு மாற்றித் தர முடியுமா முடியாதா என்று கேட்டார். இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். ஒரு வீட்டு வாசலைப் பிடுங்கி இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது கம்பெனியின் பண்பாட்டுக்கே விரோதம். அந்த வீட்டுத் தலைவர் தன் கையால் விட்டுக்கொடுத்தால் ஒழிய எதுவும் நடக்காது. அவர் யார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தியை மட்டும் பகிர்ந்துகொள்ள இயக்குநர் ஆசைப்பட்டார்.

"அந்த வீட்டுல எங்க ஸ்கிரீன் அற்புதமா வேலை செய்யுது சார்! உங்க வாசல்ல யார் மணி அடிச்சாலும் அந்த நொடியே அங்க ஹால்ல தானா வந்து நிக்குது. ஒரு தடவைகூடத் தவறினதில்ல. உங்க வாசலால ஒரு குடும்பம் முழுத் திருப்தியோட இருக்கு. அதை நினைச்சு நீங்க பெருமைப்படணும்."

பல்செட்டுக்காரர் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவருக்கு ஒரே காட்சிதான். மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்கிரீனில் டெலிவரிக்காரன் டப்பாவோடு வருகிறான், நிற்கிறான், போகிறான். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறார். தங்கையும் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். கூடப்பிறந்தவள்! அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தான்தான் அவளிடம் வாயைத் திறக்காதே என்று சொன்னோம் என்பது அப்போது அவருக்குச் சௌகரியமாக மறந்துபோயிருந்தது.

"வேணும்னே பண்ணியிருக்கான். பாத்துக்கிட்டே இருந்திருக்கான்," என்று மனைவியிடம் குமுறினார்.

"நீங்களும்தான் போனைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க, அவங்களுக்கு ஒரு தடவை அடிக்கலியே," என்றார் மனைவி. 

மறுநாள் தலைமையாசிரியையின் மூன்றாவது அச்சு வரவேண்டியிருந்தது. டாக்டரம்மா அவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடிக்கவைத்திருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு ஒரு நாள் மோட்டார் பக்கமே போகாதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். பல்செட்டுக்காரரும் வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். டப்பா இன்னும் கிளம்பவில்லை, தாமதமாகும் என்று கிளினிக்கிலிருந்து தகவல் வந்தது. மேசைமேல் ஒரே ஒரு பல் மெருகேற்ற மிச்சம் இருந்தது. கை அரித்தது. ஒரு பல்தானே என்று உள்ளே போனார். தொழில்காரர்கள் அத்தனை பேரும் கெட்டுப்போவது இந்த ஒன்றே ஒன்றில்தான்.

மோட்டார் ஓடியது. அருவி கொட்டியது. பல் அழகாக மெருகேறியது. அதன் விளிம்பில் ஒரு பிசிறு தெரிந்தது, அதையும் தேய்த்தார். மேசையில் படிந்திருந்த, அச்சில் கரைத்து ஊற்றும் வெள்ளைமாவு நடுங்குவதைத் தற்செயலாகப் பார்த்தார். மாவுக்கு நடுவே கிடந்த போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் தங்கை பெயர். ஒரு வருடமாக அந்தப் போனில் வராத பெயர்.

மோட்டாரை நிறுத்தி, காதுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தார்.

"அண்ணா! எத்தனை தடவை அடிக்கறது? ஓடிப்போய்க் கதவைத் திற. வாசல்ல அவர் நிக்கிறார்."

"யாரு?"

"யாரா? உன் மாப்பிள்ளை! அந்த டெலிவரி ஆளு இன்னிக்கும் டப்பாவோட திரும்பிப் போனதை இங்க ஸ்கிரீன்ல பாத்துட்டு, இதுக்கு மேல தாங்காதுன்னு அவர் எழுந்து ஓடினார். செருப்புகூட ஒழுங்கா மாட்டல. இப்போ உங்க வாசல்லயே நிக்கறது எனக்கு இங்க தெரியுது. மணி அடிக்கிறார், நீ திறக்க மாட்டேங்கற. மூஞ்சி சிவந்துபோச்சு. போண்ணா!"

பல்செட்டுக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை நின்றார். ஒரு காலில் அவருடைய செருப்பு, இன்னொரு காலில் தங்கையின் செருப்பு. மூச்சு இரைத்தது. இரண்டு கையாலும் டப்பாவைக் குழந்தையைப்போல ஏந்தியிருந்தார்.

"இந்தாங்க, பிடிங்க மச்சான். சிக்னல்ல போய்ப் பிடிச்சேன். வண்டிக்குக் குறுக்க விழுந்து பிடுங்கினேன். காய்ஞ்சிடும், முதல்ல வேலையைப் பாருங்க." சொல்லிவிட்டு, அடக்க மாட்டாமல் வெடித்தார். "ஒரு வருஷமாய்யா! நிம்மதியா ஒரு படம் பாக்க முடியல. நடுவுல டிங்குனு உங்க வாசல். ஒருத்தன் வந்து நிக்கறான், அடிக்கறான், போறான். நான் எங்க வீட்டு ஹால்ல உக்காந்துக்கிட்டு, 'டேய் போகாதடா, உள்ளதான் இருக்கார்'னு கத்தறேன். அவனுக்குக் கேக்குமா? எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துடுச்சு!"

"அதுல பட்டனை அழுத்திப் பேசலாமே மாப்பிள்ளை? வாசல்ல இருக்கறவனுக்குக் கேக்குமே?"

"நீங்கதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க?"

அவர் வாயைத் திறந்து கேட்டபோதுதான் பல்செட்டுக்காரர் பார்த்தார். முன்பல் இடம் காலியாகவே இருந்தது. ஒரு வருடமாக மனிதர் வேறு யாரிடமும் போய்ப் பல் கட்டிக்கொள்ளவில்லை.  பல்செட்டுக்காரர் நகர்ந்து வழிவிட்டு, "உள்ள வாங்க. அந்த வெளிச்சத்துல வாயைக் காட்டுங்க" என்றார்.

தலைமையாசிரியையின் அச்சில் வெள்ளைமாவைக் கரைத்து ஊற்றி வைத்த பிறகு, மாப்பிள்ளை தன் போனை எடுத்து வாசலை விட்டுக்கொடுக்கப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். போன் முதலில் பிரிவுக்கான காரணத்தைக் கேட்டது. பிறகு, வாசல் ஒரு வீட்டைவிட்டுப் பிரிந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் இடைக்காலத்தில் அது எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை என்றும், அதுவரை மணி அடிக்காது என்றும், இடைக்காலம் எப்போது முடியும் என்பது வாசலுக்கு வாசல் மாறுபடும் என்றும் சொன்னது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டார்.

அதனால் அந்த வாசல் இன்றைக்கும் தங்கை வீட்டில்தான் இருக்கிறது. யாராவது மணி அடித்தால் அவள் ஹாலிலிருந்தே, "கொஞ்சம் நில்லுங்க தம்பி, எங்க அண்ணன் உள்ளதான் இருக்கார்" என்று பெல் வழியாக அதட்டுகிறாள். டெலிவரிக்காரர்கள் நடுங்கிப்போய் நிற்கிறார்கள். பிறகு அண்ணனுக்குப் போன் அடிக்கிறாள். மேசையில் மாவு நடுங்குகிறது, அவர் போய்த் திறக்கிறார். ஒரு டப்பாகூடத் திரும்பிப் போகவில்லை. தலைமையாசிரியைக்குப் பல் வந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பயமும் திரும்பிவிட்டதாகக் கேள்வி. பட்டறை ஸ்கிரீனில் அருவி வற்றாமல் கொட்டுகிறது.

ஒரு விடுமுறை நாளில் மகிழ்ச்சித் துணைவி அழைத்தார். அதே முதல் நாள் குரல்.

"சார், உங்க புகார் ரொம்ப நாளா திறந்தே இருக்கு. இப்போ மணி அடிச்சா கதவு திறக்குதா?"

"திறக்குது."

"வந்தவர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுதா?"

பல்செட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். "தெரிஞ்சுடுது. நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. தானாவே தெரியுது."

"பாத்தீங்களா சார்! எங்க தொழில்நுட்பம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், ஆனா கைவிடாது. அப்போ அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிடுங்க. 'நான் மகிழ்ச்சியாக...'"

அவர் பட்டறைக் கதவு வழியாக ஹாலைப் பார்த்தார். மாப்பிள்ளை புதுப்பல்லால் கெட்டியான பிஸ்கட் ஒன்றைக் கடித்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பாட்டில் மூடிகளையெல்லாம் தங்கை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். மனைவி ஏதோ சொல்ல, மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? நீங்க மகிழ்ச்சியா இல்லையா சார்?"

"அதெல்லாம் நல்லாவே இருக்கேம்மா. ஆனா அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

போனை மாவுக்கு நடுவே வைத்தார். வைத்ததுமே அது மறுபடி அதிர ஆரம்பித்தது. அவர் காதுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மோட்டாரை ஓடவிட்டார்.